1988 ஆஸ்திரேலிய 10 டாலர் நோட்டு: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளாகத் தேடிய நோட்டு போன வாரம்தான் கைக்கு வந்தது, இன்றைய வகை பாலிமரில் (ஒரு வகை பிளாஸ்டிக்) உலகத்தில் முதன்முதலாக அச்சாகிப் புழக்கத்துக்கு வந்த அதே 1988 நோட்டு. ஒளி ஊடுருவும் ஜன்னலில் கேப்டன் குக் முகம் இருக்கிறது, சாய்த்தால் வானவில் நிறங்கள் மின்ன வேண்டும், என்னுடையதில் லேசாகத்தான் மின்னுகிறது. அந்த இடத்தில் கீறல்களும் நிறைய. கப்பல் படத்தின் மையும் மடிப்பில் உரிந்திருக்கிறது.

இது பழசானதால் வந்த தேய்மானமா, இல்லை போலியா? ஜெராக்ஸில் அந்த மின்னலைக் கொண்டுவர முடியாது என்பதற்காகவே வைத்த அம்சம் அது, அதனால்தான் கவலை. உங்களிடம் இதே நோட்டு இருந்தால் ஜன்னலை மட்டும் சாய்த்து ஒரு வீடியோ போடுங்களேன். அப்புறம், பாலிமர் நோட்டுகளை எந்த உறையில் வைக்கிறீர்கள்?