ஹொரைசன் யூரோப் விண்ணப்பத்தில் சென்னைப் பங்காளி: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில் போக்குவரத்து ஆராய்ச்சியில் இருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பின் 5ஆவது கிளஸ்டருக்கு (காலநிலை, எரிசக்தி, போக்குவரத்துப் பிரிவு) முதன்முறையாக விண்ணப்பம் எழுதுகிறோம். தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் பிஆர்டி பஸ்ஸிலிருந்து (தனித் தடத்தில் ஓடும் விரைவு பஸ்) இறங்குபவர்களை வீட்டுக்குக் கொண்டுவிடும் ஆட்டோக்களை மின்சாரத்துக்கு மாற்றுவதுதான் திட்டம். (அங்கே ஆட்டோவுக்குப் பெயரே ‘பஜாஜி’தான்!)

தான்சானியாவுக்கு ஐரோப்பிய நிதி நேரடியாகவே கிடைக்கும். ஆனால் பேட்டரி நுணுக்கம் தெரிந்தவர் சென்னையில் இருக்கிறார். இந்தியா, சீனா, பிரேசிலுக்கெல்லாம் தானாகக் கிடைக்காது. விண்ணப்பம் கோரும் அறிவிப்பிலேயே அனுமதி இருக்க வேண்டும். அல்லது அவர் இல்லாமல் திட்டம் நடக்காது என்று நிதி தருபவர்கள் ஏற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பணம் வாங்காத ‘அசோசியேட்டட் பார்ட்னர்’ ஆகத்தான் அவர் சேர முடியும்.

இப்போதைக்கு பட்ஜெட் பட்டியலில் சென்னை வரிசை முழுக்கப் பூஜ்யம். “சும்மா வந்து வேலை செய்யுங்க சார்” என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

‘இன்றியமையாதவர்’ என்று எழுதி நிதி வாங்கியவர்கள் இங்கே உண்டா? எதை ஆதாரமாகக் காட்டினீர்கள்? இந்திய அரசுத் துறைகளிடம் இணை நிதி பெற்றவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். கடைசித் தேதிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.