வேதாளம் ஏறியது முருங்கை மரமா?

வடக்குமாசிக்காரன்:
சென்ற வாரம் தெப்பக்குளத்தான் இங்கே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். சிறுவயதில் நேசித்த புத்தகங்களை நாற்பது வயதுக்கு மேல் திரும்பப் படிக்கவே கூடாதாம். பழைய அம்புலிமாமாவை எடுத்து விக்கிரமன், வேதாளம் கதைகளைப் படித்தாராம். பத்துப் பக்கத்திலேயே கசந்துவிட்டதாம். முருங்கை மரத்தில் பிணம் தொங்குகிறது என்பதை எப்படித்தான் நம்பினோமோ என்று வெட்கமாகப் போய்விட்டதாம். பிணத்துக்குள் வேதாளம் புகுந்து கதை சொல்வதை நம்பியதில் வெட்கம் இல்லை. மரம்தான் இடிக்கிறது! 1947 ஜூலையில் தொடங்கி மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்த பத்திரிகை அது. அதைத் தள்ளிவைக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லையா?

நான் போன மாதம்தான் மறுபடி படித்தேன். சங்கர் வரைந்த அந்தப் படத்தில், தோளில் பிணம், கையில் வாள், திரும்பிப் பார்க்காமல் நடக்கிற ராஜா. பத்து வயதில் பிணத்தைப் பார்த்துப் பயந்தேன். இப்போது ராஜாவின் முதுகைப் பார்த்து எனக்கு வலித்தது. வீட்டுக்கடன் கட்டுகிறவனுக்குத்தான் அந்த நடை புரியும்.

தெப்பக்குளத்தான்:
என் பெயரை இழுத்ததற்கு நன்றி. நான் எழுதியது பத்து வரி, நீங்கள் எடுத்துக்கொண்டது ஒரு வரி. மரம் ஓர் எடுத்துக்காட்டுதான். எல்லாக் கதையிலும் ஒரே நகரம், ஒரே ராஜா, ஒரே வியாபாரி. பெயர் மட்டும் மாறுகிறது. சிறுவயதில் இது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. தெரிந்த பிறகு பழைய இனிப்பு திரும்பி வராது. அவ்வளவுதான் சொன்னேன்.

ஆண்டிபட்டிக்காரன்:
இரண்டு பேருமே தப்பு. நான் மூன்று ஏக்கரில் முருங்கை போட்டிருப்பவன். அம்புலிமாமாவும் படித்தவன். அந்தப் பத்திரிகையில் "மரம்" என்றுதான் இருந்தது. முருங்கை என்று அச்சிடவே இல்லை. "வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது" என்பது ஊரில் வழங்குகிற பழமொழி. அதை நீங்கள் பத்திரிகையில் படித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முருங்கைக் கிளை பூனை ஏறினாலே பயமுறுத்தும். அதில் பிணத்தைத் தொங்கவிட எந்தப் பைத்தியக்காரனும் எழுத மாட்டான்.

வடக்குமாசிக்காரன்:
ஆண்டிபட்டி அண்ணே, முருங்கை என்றுதான் இருந்தது. ஒவ்வொரு கதையின் கடைசி வரியிலும் இருந்தது. என் கண் முன்னால் நிற்கிறது.

ஆண்டிபட்டிக்காரன்:
கண் முன்னால் நிற்பது வேறு, காகிதத்தில் நிற்பது வேறு. "தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்" என்று தொடங்கும், அது எனக்கும் மனப்பாடம். அடுத்து மரத்தில் ஏறுவான். எந்த மரம்? மரம்! அவ்வளவுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பிணம் தொங்குவது மட்டுமா? விக்கிரமனும் அதே மரத்தில் ஏறுகிறான். பிணம் ஒன்று, ராஜா ஒருவர், இடுப்பில் வாள், தலையில் கிரீடம். எந்த முருங்கை தாங்கும்? "முருங்கை பருத்தால் தூணாகுமா" என்று சும்மாவா கேட்டார்கள்? ராஜா ஏறிய முதல் நாளே கிளை முறிந்து இடுப்பு உடைந்திருக்கும். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

செல்லூர்க்காரி:
மறுபடி படிப்பதைப் பற்றித்தானே பேச்சு? நான் படித்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணை மூன்று பேர் விரும்புவார்கள். அவள் இறந்துவிடுவாள். ஒருவன் சாம்பல் மேல் குடிசை போட்டுப் படுப்பான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோவான். ஒருவன் ஊர் சுற்றி, மந்திரம் கற்றுவந்து அவளை எழுப்புவான். அவள் யாருக்கு மனைவி? எழுப்பியவன் தகப்பனைப் போல, எலும்பைச் சுமந்தவன் மகனைப் போல, சாம்பலில் படுத்தவன்தான் கணவன் என்பான் விக்கிரமன். பத்து வயதில், ஆகா என்ன அறிவு என்று வாயைப் பிளந்தேன். போன வாரம் என் மகளுக்குச் சொன்னேன். "எழுந்து உட்கார்ந்தாளே, அவளிடம் கேட்டார்களா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடமாக எனக்கு ஏன் இந்தக் கேள்வி வரவில்லை என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. இதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

ஆண்டிபட்டிக்காரன்:
நல்ல கேள்வி அக்கா. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது வேதாளம் எந்த மரத்திலிருந்து இறங்கி வந்தது என்று மகள் கேட்டாளா?

திருப்பரங்குன்றம் வாத்தியார்:
சண்டை போடுவதற்கு முன்னால் மூலத்தைப் பாருங்கள். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்தக் கதைகள் வருகின்றன. அங்கே ராஜா திரிவிக்கிரமசேனன். மரம் சிம்சபா. வால்மீகியில் அனுமன் அசோகவனத்தில் ஒளிந்துகொண்டு சீதையைப் பார்ப்பதும் சிம்சபா மரத்திலிருந்துதான். உறுதியான மரம். வடமொழியில் முருங்கைக்கு சிக்ரு என்று வேறு பெயர் உண்டு. ஆகவே முருங்கை தமிழ்நாட்டில் புகுந்ததே தவிர மூலத்தில் இல்லை.

வடக்குமாசிக்காரன்:
பார்த்தீர்களா, தமிழ்நாட்டில் புகுந்தது என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார். அம்புலிமாமாவும் தமிழ்நாட்டில்தான் அச்சானது.

திருப்பரங்குன்றம் வாத்தியார்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆண்டிபட்டிக்காரன்:
வாத்தியார் ஐயா என் பக்கம். சிம்சபா உறுதியான மரம் என்று எழுதியிருக்கிறார், எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள்.

திருப்பரங்குன்றம் வாத்தியார்:
நான் யார் பக்கமும் இல்லை.

மாயாவி ரசிகன்:
இதற்குத்தான் சிவகாசிச் சரக்கைப் படிக்க வேண்டும் என்பது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். நேற்று வரை அதே சிலிர்ப்பு. மரமும் இல்லை, மண்ணும் இல்லை.

தெப்பக்குளத்தான்:
மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைவதை நம்புவீர்கள். முருங்கையில் பிணம் தொங்கினால் சிரிப்பீர்கள்.

மாயாவி ரசிகன்:
முருங்கை மின்சாரம் கடத்தாது ஐயா.

வடக்குமாசிக்காரன்:
தெப்பக்குளத்தான், ஒரு விஷயம். எல்லாக் கதையின் கடைசி வரியையும் பார்த்துச் சொல்ல ஒரே ஒருவரால்தான் முடியும். அது நீங்கள். 1994-இல் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கிப் போனீர்களே, அந்த பைண்டு. பன்னிரண்டு மாத இதழ்கள். பச்சைத் துணி முதுகு, உள்ளே சணல் நூல் தையல், நான்காவது தையல் அறுந்திருக்கும். அடையாளத்துக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழக பஸ் டிக்கெட் ஒன்றை வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்த்தபின் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தெப்பக்குளத்தான்:
அதை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் தம்பியிடம்.

வடக்குமாசிக்காரன்:
தம்பி அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தான்.

தெப்பக்குளத்தான்:
அப்படியானால் உங்கள் அப்பாவிடம்.

வடக்குமாசிக்காரன்:
அவர் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறீர்கள்.

செல்லூர்க்காரி:
இன்னொரு கதையும் உண்டு. கணவனுக்கும் அண்ணனுக்கும் தலை வெட்டுப்படும். பதற்றத்தில் அவள் தலைகளை மாற்றி ஒட்டிவிடுவாள். உடம்புக்குத் தலைதான் பிரதானம், ஆகவே கணவன் தலை இருப்பவனே கணவன் என்று ராஜா சொல்வான். தீர்ப்பு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் எப்படிச் சோறு போட்டாள்? ஒருவன் கையை நீட்டினால் அது யார் கை? அதை எந்த வேதாளமும் கேட்கவில்லை. நான் மறுபடி படிப்பதே இதற்காகத்தான். இரண்டாவது முறை கேட்கிறேன், யாராவது பதில் சொல்வீர்களா?

ஆண்டிபட்டிக்காரன்:
அக்கா, முதலில் மரம் தீரட்டும், பிறகு தலைக்கு வருவோம்.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் பத்து வயது முருங்கை ஒன்று நிற்கிறது. செடிமுருங்கை அல்ல, போத்து நட்டு வளர்த்த மரம். தொடைப் பருமனில் ஒரு கிளை. முதலில் அடிமரத்தில் அப்பியிருந்த கம்பளிப்பூச்சிகளைத் தீப்பந்தம் காட்டி விரட்டினேன். பிறகு 45 கிலோ யூரியா மூட்டையைக் கயிறு கட்டி இழுத்தேன். மூட்டை தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. மளுக்கென்று ஒரே சத்தம். கிளை என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. முறிந்த இடம் பஞ்சு போல வெளுத்து ஈரமாக இருக்கிறது. காய்க்கிற கிளையை ஒடித்துவிட்டேன் என்று வீட்டில் காலைச் சாப்பாடு கிடைக்கவில்லை. 45 கிலோவுக்கே இந்தக் கதி. பிணம் எத்தனை கிலோ? ராஜா எத்தனை கிலோ?

வடக்குமாசிக்காரன்:
வேதாளம் பறக்கிறது அண்ணே. பறக்கிற பிணத்துக்கு எடை ஏது?

ஆண்டிபட்டிக்காரன்:
எடை இல்லையென்றால் ராஜா ஏன் தோளில் சுமக்கிறான்? பட்டம் போல நூல் கட்டி இழுத்துப் போயிருக்கலாமே? முதுகைப் பார்த்து வலித்தது, வீட்டுக்கடன் என்றெல்லாம் உருகினீர்கள். எடை இல்லாத பிணத்துக்கு எதற்கு ஐயா முதுகு வலி?

தெப்பக்குளத்தான்:
இது நல்ல அடி.

வடக்குமாசிக்காரன்:
தெப்பக்குளத்தான் கைதட்ட வேண்டாம். பைண்டை எடுங்கள். அண்ணே, ஒன்றை மறந்துவிட்டீர்கள். வாசலில் முருங்கை வைத்தால் பேய் வந்து உட்காரும் என்று உங்கள் ஊரிலும் சொல்வார்கள். ஏன் சொன்னார்கள்? பிள்ளைகள் ஏறி விழுந்துவிடும் என்ற பயத்தில். பேயும் முருங்கையும் நம் மனதில் ஏற்கெனவே ஒட்டியிருந்தவை. அதனால்தான் பத்திரிகையில் முருங்கை என்று போட்டார்கள்.

ஆண்டிபட்டிக்காரன்:
பிள்ளையே விழும் மரம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. மூன்று ஏக்கர் முருங்கைக்காரன் என்ற முறையில் ஏற்றுக்கொள்கிறேன்.

மாயாவி ரசிகன்:
அண்ணே, மூன்று ஏக்கரில் இருப்பது பெரியகுளத்தில் கண்டுபிடித்த பி.கே.எம். ரகம்தானே? விதை போட்டு வளர்க்கிற செடி. விக்கிரமன் காலத்து முருங்கை வைரம் பாய்ந்ததாக இருந்திருக்கலாம்.

ஆண்டிபட்டிக்காரன்:
வைரம் பாய்ந்த முருங்கையை எனக்கு ஒன்று காட்டுங்கள், மூன்று ஏக்கரையும் எழுதித் தருகிறேன். "முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான்" என்பார்கள். கீரை தின்று கிழவன் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பான் என்று அர்த்தம். அந்த மரத்தில் ஊன்றுகோல்கூடச் செதுக்க முடியாது என்று நான் அர்த்தம் சொல்வேன்.

திருப்பரங்குன்றம் வாத்தியார்:
பழமொழிக்குப் புது உரை எழுத வேண்டாம். மேலும் மூலத்தில் இருப்பது இருபத்தைந்து கதைகள்தான். பத்திரிகையில் மாதம் ஒன்றாகப் பல ஆண்டுகள் ஓடியது என்றால் மிச்சக் கதைகள் புதிதாகக் கட்டியவை. அவற்றில் என்ன மரம் போட்டார்கள் என்பதை வைத்து...

ஆண்டிபட்டிக்காரன்:
மரம் என்று போட்டார்கள். வெறும் மரம்.

செல்லூர்க்காரி:
மூன்றாவது முறை நான் கேட்கப் போவதில்லை. மகளோடு நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூலகத்துக்குப் போய், சிறுவர் பகுதியில் இருவருமாக உட்கார்ந்து படித்துக்கொள்கிறோம். அங்கே யாரும் மூட்டை தூக்க மாட்டார்கள்.

தெப்பக்குளத்தான்:
சரி, பரணில் ஏறிப் பார்த்தேன். ஒரு பைண்டு இருக்கிறது. பச்சை முதுகுதான். ஆனால் இது புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் நான் காசு கொடுத்து வாங்கியது. நான்காவது தையல் அறுந்திருப்பது உண்மை. உலகத்தில் நூல் அறுகிற பைண்டு ஒன்றுதானா?

வடக்குமாசிக்காரன்:
உள்ளே டிக்கெட் இருக்கிறதா?

தெப்பக்குளத்தான்:
ஒரு டிக்கெட் இருக்கிறது. பெயர் எழுதிய டிக்கெட் இல்லையே. மதுரையில் எல்லாரும்தான் பாண்டியன் பஸ்ஸில் போனோம்.

வடக்குமாசிக்காரன்:
முப்பது வருடத் திருட்டு.

தெப்பக்குளத்தான்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். நீங்கள் என் சைக்கிள் பம்பை வாங்கிப் போனது எந்த வருடம்?

ஆண்டிபட்டிக்காரன்:
பம்பும் டிக்கெட்டும் கிடக்கட்டும். பைண்டு கையில் இருக்கிறதல்லவா? வேதாளக் கதையின் கடைசி வரியைப் படியுங்கள்.

தெப்பக்குளத்தான்:
முடியாது. யாரோ படத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு இதழிலும் வேதாளக் கதையின் கடைசித் தாளில் பாதி இல்லை.

வடக்குமாசிக்காரன்:
என் தம்பி படம் வெட்டி நோட்டில் ஒட்டுவான்! பன்னிரண்டும் அவன் வெட்டியது! அது என் பைண்டு!

தெப்பக்குளத்தான்:
அப்படியானால் என் புத்தகத்தை உங்கள் தம்பி ஏன் வெட்டினான்?

ஆண்டிபட்டிக்காரன்:
அந்த நோட்டு எங்கே? தம்பியிடம் கேளுங்கள். ஒட்டியிருக்கும் படத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருக்கும். கோந்து விட்டுப்போகத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும், "மரம்" என்று வரும். அதுவரை நான் சும்மா இருக்கப் போவதில்லை. வரப்போரத்துப் புளியமரத்தில் நாளை அதே மூட்டையைக் கட்டிப் பார்க்கிறேன்.