‘டிரஸ்ட்’டுக்குத் தமிழில் என்ன போடுவது? உதவுங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக அமெரிக்க வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து போட்டியை நசுக்குவதைத் தடுக்க 1890இல் வந்த ஷெர்மன் ஆன்டி-டிரஸ்ட் சட்டத்தின் ‘டிரஸ்ட்’.

முதலில் ‘அறக்கட்டளை’ என்று போட்டேன். வாசித்துப் பார்த்த மாணவி, “எண்ணெய் முதலாளி ராக்பெல்லர் தர்மம் பண்ணதையா சார் கவர்மென்ட் தடுத்துச்சு?” என்றாள். அடித்துவிட்டேன். ‘ஏகபோகம்’ ஒத்துவரவில்லை, அந்தச் சட்டத்தின் முதல் பிரிவில் டிரஸ்ட் வருகிறது, ஏகபோகத்துக்கு இரண்டாவது பிரிவு தனியாக இருக்கிறது. ‘கூட்டமைப்பு’ என்றால் வணிகர் சங்கம் மாதிரி இருக்கிறது. அகராதிகளில் ‘பொறுப்பாட்சி’ கிடைத்தது. நாக்கில் ஒட்டவே இல்லை.

விவரம் இது. 1882இல் ராக்பெல்லரின் எண்ணெய்க் கம்பெனியான ஸ்டாண்டர்ட் ஆயிலின் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை ஒன்பது பேர் கையில் ஒப்படைத்து, பதிலுக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். கம்பெனிகள் பல, சாவிக்கொத்து ஒன்று. 1892இல் ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றம் இதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 1899இல் நியூ ஜெர்சியில் ஹோல்டிங் கம்பெனியாக, அதாவது மற்ற கம்பெனிகளின் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் தாய்க் கம்பெனியாக, உருமாறிவிட்டார்கள். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைக்கச் சொன்னபோது 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அது சட்டப்படி டிரஸ்டே இல்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1882 ஒப்படைப்பு ஏற்பாட்டையும் 1911இல் உடைபட்ட ராட்சதக் கம்பெனியையும் சேர்த்துச் சொல்ல, புழக்கத்தில் உள்ள தமிழ்ச்சொல் ஏதாவது இருக்கிறதா?