டிரையம்ஃப் டி.ஆர்.6 பின்பக்கப் பிடிமானத்தில் விரிசல்: 6 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் செய்யலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். மாமா வைத்திருந்த 1972 டிரையம்ஃப் டி.ஆர்.6, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. கிளட்சை விட்டு வண்டி நகரும் நொடியில் பின்னாலிருந்து ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. வேலந்தாவளம் சோதனைச் சாவடி வரிசையில் நின்று நின்று நகரும்போது ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. ரிவர்ஸ் போட்டாலும் அதே சத்தம்தான். எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பை மாற்றியும் போகவில்லை. குழிமேல் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தபோது, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் முன்பக்க வலது ஸ்டட்டின் (மரைத்தண்டு) அடியில் பெயின்ட் முடி போலப் பிளந்து, அதிலிருந்து துரு வழிந்திருக்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்ம் பிராக்கெட் உட்காரும் இடத்திலும் தகடு செதில் செதிலாக உரிகிறது.

இங்குள்ள வெல்டர் 6 மி.மீ. தகட்டைச் சுற்றிலும் வைத்து அடித்துவிடலாம், ஆயுசுக்கும் அசையாது என்கிறார். சரிதானா? பாடியைச் சேஸிஸிலிருந்து (அடிச்சட்டம்) தூக்க வேண்டுமா?

கோவை வாசகர்:
வலது முன் ஸ்டட் என்று படித்ததுமே சிரித்துவிட்டேன். இந்த வண்டியின் பழைய வியாதி அது. 1965-இல் டி.ஆர்.4ஏ வண்டிக்குப் பின்சக்கரத் தனிச் சஸ்பென்ஷன் கொடுத்தபோது டிஃபரென்ஷியலைச் சேஸிஸில் நான்கு ஸ்டட்களில் தொங்கவிட்டார்கள். டி.ஆர்.6-இலும் அதே ஏற்பாடுதான். ஆனால் இங்கே 2,498 சி.சி. ஆறு சிலிண்டர் இழுக்கிறது. வண்டி கிளம்பும்போது டிஃபரென்ஷியலின் மூக்கு மேலே எழும்பி முறுக்கும். அந்த முறுக்கு முழுவதும் முன் ஸ்டட்கள் நிற்கும் மெல்லிய தகட்டில்தான் இறங்குகிறது. வலது பக்கம் முதலில் போகும், பிறகு இடது.

ஊர்ஜிதம் செய்ய, கடப்பாரையால் டிஃபரென்ஷியலின் மூக்கை மெல்ல மேலே நெம்புங்கள். ரப்பர் மட்டும் அமுங்கினால் ரப்பர் மாற்றினால் போதும். ஸ்டட்டோடு தகடும் வாய் திறந்தால் இனி ஓட்டாதீர்கள்.

பொள்ளாச்சிப் பட்டறை:
தம்பி, 6 மி.மீ. வேண்டவே வேண்டாம். மெல்லிய தகட்டின்மேல் தடித்த தகட்டை ஒட்டினால், விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. துரு இல்லாத இடத்தில் சேஸிஸ் தகட்டின் கனத்தை அளந்து பாருங்கள். அதே கனம், மிஞ்சினால் 3 மி.மீ. சாதாரண மைல்ட் ஸ்டீல் தகடு போதும்.

அதைவிட முக்கியம் தகட்டின் வடிவம். சதுரமாக வெட்டிச் சட்டத்தின் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் போட்டால் அந்தக் கோட்டிலேயே முறியும். இரு முனைகளையும் மீன்வால் போலவோ கூராகவோ வெட்டுங்கள், மூலைகளை உருட்டிவிடுங்கள். நடுவில் துளையிட்டு அந்தத் துளைகளை வெல்டிங்கால் நிரப்பினால் தகடு முழுப் பரப்பிலும் ஒட்டும்.

தகடு வைப்பதற்கு முன் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போடுங்கள், அது மேலே ஓடாது. பிறகு கிரைண்டரால் V போலக் கீறி, வெல்டிங்கால் நிரப்பி, மட்டமாகத் தேயுங்கள். விரிசலை அப்படியே விட்டு மேலே தகடு மூடுவது புண்ணுக்குப் புனுகு பூசுகிற வேலை. கடைசியில் ஸ்டட் பிராக்கெட்டின் திறந்த பக்கத்தைத் தகட்டால் அடைத்துப் பெட்டியாக்குங்கள். பலம் கனத்தில் இல்லை, பெட்டியில் இருக்கிறது.

கோவை வாசகர்:
முன்னவர் சொல்லாத ஒன்று. இந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், நீங்கள் தீப்பொறி பறக்கவிடப் போகும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் யாரையும் வெல்டிங் டார்ச்சைப் பிடிக்க விடாதீர்கள். காலி டேங்க்தான் இன்னும் ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நன்றி அண்ணா. நெம்பிப் பார்த்தேன், தகடு வாய் திறக்கிறது. கோவையில் வார்ப்படம் சோதிக்கும் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பவுடர் ஸ்பிரேயும் வாங்கி அடித்தேன். வலது ஸ்டட்டைச் சுற்றிப் பாதி வட்டம் சிவப்புக் கோடாகத் தெரிகிறது. இடது ஸ்டட்டிலும் நகநுனி அளவுக்குத் தொடங்கியிருக்கிறது. டிரெய்லிங் ஆர்ம் பக்கம் ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. இதையும் கீழிருந்தே முடிக்கலாமா?

பொள்ளாச்சிப் பட்டறை:
ஸ்டட் வேலையைப் பாடி மேலே இருக்கும்போதே, டிஃபரென்ஷியலை இறக்கிவிட்டுச் செய்யலாம். நான்கு ஸ்டட்களின் இடைவெளியையும் மூலைவிட்டத்தையும் முதலில் அளந்து எழுதிவையுங்கள். கனமான ஒரு தகட்டில் அதே அளவில் நான்கு துளையிட்டு ஸ்டட்களில் மாட்டி இறுக்கிக்கொண்டு வெல்டிங் செய்தால் சூட்டில் இழுக்காது. சிறு சிறு துண்டாக, இடம் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். இடது பக்கத்தையும் கையோடு முடித்துவிடுங்கள்.

டிரெய்லிங் ஆர்ம் குறுக்குச் சட்டம் வேறு கதை. ஸ்குரூடிரைவர் உள்ளே போனால் அங்கே ஒட்ட இரும்பே இல்லை. துருவை வெட்டி எறிந்து, நல்ல இரும்பு தெரியும் வரை போய், புதுத் தகடு இணைக்க வேண்டும். மேல்முகம் பாடிக்கு அடியில் இருப்பதால் பாடியைத் தூக்கியே ஆக வேண்டும். போல்ட் சட்டத்தை ஊடுருவும் இடங்களில் உள்ளே குழாய்த் துண்டு வைத்து வெல்டிங் செய்தால், நட்டை இறுக்கும்போது பெட்டி நசுங்காது.

கழற்றும் முன் ஒவ்வொரு பிராக்கெட்டின் வெட்டுக்குறியும் எந்தப் பக்கம் பார்க்கிறது, பின்னால் எத்தனை ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். சக்கரத்தின் சாய்வும் கோணமும் அதில்தான் இருக்கின்றன. மாறி மாட்டினால் பின் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பாடியையே தூக்குகிறேன். மழைக்கு முன் முடிந்தால் பாலக்காட்டுக் காற்றில் பெயின்ட் சீக்கிரம் காயும். உள்ளே துருவுக்கு என்ன அடிப்பது?

கோவை வாசகர்:
வெளியே துத்தநாகப் பிரைமர். பெட்டிக்குள் மெழுகு எண்ணெயை நீளக் குழாய் வைத்து அடியுங்கள், ஆனால் வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான். முன்பே அடித்தால் தீப்பற்றும். தண்ணீர் வடியும் துளைகளைப் புதுத் தகடு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகவே வேண்டாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்லி மாளாது.