பிராக்பேங்க் கார்ட்டூன்: எந்த இதழில் வந்தது?

ரஸ்ஸல் பிராக்பேங்க், கார், விமானக் கார்ட்டூன்களுக்கென்றே பேர்போனவர். 1913இல் கனடாவின் நயாகராவில் பிறந்தவர், 1949 முதல் 1960 வரை லண்டன் 'பஞ்ச்' நகைச்சுவை இதழின் ஓவிய ஆசிரியர். 'தி மோட்டார்' என்ற கார் இதழுக்கும் வரைந்திருக்கிறார்.

போன மாதம் லண்டன் பழைய புத்தகக் கடை ஒன்றில் அவர் கையெழுத்தோடு ஒரு கத்தரித்த பக்கம் வாங்கினேன். வளைவில் சாயும் பழைய பென்ட்லி கார், மேலே இரட்டை இறக்கை விமானம். சக்கரக் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாக இழுத்திருக்கிறார், என்ன கை அது!

ஓரம் வெட்டுப்பட்டதில் தேதி, பக்க எண் இரண்டும் போய்விட்டன. பின்பக்கம் டயர் விளம்பரத்தில் பாதி மட்டும் இருக்கிறது. கூகுள் படத் தேடல், அவரது கார்ட்டூன் தொகுப்புகள் இரண்டு, கடைக்காரர் எல்லாம் பார்த்தாயிற்று. துப்பு கிடைக்கவில்லை.

தாளையும் அச்சையும் வைத்து இது பஞ்சா, மோட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?