நாகலூர் வீடு குழு: அப்பாருவின் கம்ப்யூட்டர்

*சனி*

*பிரபு அண்ணன், 9:12*
ஏற்காடு மலையில் நாகலூர் வீட்டைக் காலி செய்தபோது அப்பாருவின் பழைய கம்ப்யூட்டரைச் சேலம் அஸ்தம்பட்டிக்கு இறக்கிக்கொண்டு வந்தேன். பெட்டி முழுக்கத் துரு, ஆன் ஆகவில்லை. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி, என்னிடமிருந்த பென்டியம் 4-இல் இரண்டாவது டிஸ்காக மாட்டினேன். 210 எம்பி. உள்ளே நாலைந்து சின்ன ஃபைல்தான், ஆனால் இடம் நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என நினைக்கிறேன். ஃபார்மட் அடித்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவா?

*சித்தப்பா, 9:14*
வேண்டாம் தம்பி. எதையும் தொடாதே. உன் கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பி "டிஸ்கைச் சரிபார்க்கவா" என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லு. அதில் எல்லாமே இருக்கிறது.

*அத்தை, 9:15*
என் கல்யாண மொய்க் கணக்கு அப்பா அதில்தான் ஏற்றி வைத்தார். நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஃபார்மட் செய்துவிடாதே சாமி.

*பிரபு அண்ணன், 9:17*
சரி அத்தை, கையை எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்றுமே தெரியவில்லையே சித்தப்பா?

*சித்தப்பா, 9:22*
ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்த ஃபைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல். இரண்டாவது முக்கியம், முதலாவது மட்டும் போதாது.

*பிரபு அண்ணன், 9:26*
வந்துவிட்டது! டிஆர்விஸ்பேஸ்.000 என்று ஒரே ஃபைல். 190 எம்பிக்கு மேல்.

*சித்தப்பா, 9:35*
அந்த ஒரு ஃபைல்தான் அப்பாவின் முழு சி டிரைவ். 1995-இல் 210 எம்பி போதவில்லை, புது டிஸ்க் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான டாஸ் 6.22-உடன் வந்த டிரைவ்ஸ்பேஸை நான்தான் போட்டுக்கொடுத்தேன். அது எல்லா ஃபைலையும் அமுக்கி ஒரே பெரிய ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, அதையே சி என்று காட்டும். உண்மையான டிஸ்க் எச் என்ற எழுத்துக்குப் போய்விடும். எக்ஸ்பிக்கு இந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. அதனால் வெளிக்கூடு மட்டும் உனக்குத் தெரிகிறது.

*கீர்த்தி, 9:38*
சித்தப்பா, அமுக்குவது என்றால் எப்படிங்க? எழுத்தை எப்படி அமுக்க முடியும்?

*சித்தப்பா, 9:51*
நல்ல கேள்வி கண்ணு. மொய் நோட்டையே எடுத்துக்கொள். "நாகலூர்" என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரிகளில் ௸ என்று போடுவார்கள் அல்லவா? மேற்படி. அதேதான். "இத்தனை எழுத்துக்கு முன்னால் போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்" என்று குறித்து வைக்கும். கணக்கு, கடிதம் எல்லாம் பாதியாகச் சுருங்கும். ஜேபெக் படமும் ஜிப் ஃபைலும் சுருங்காது, அவை ஏற்கனவே ௸ போட்டு எழுதியவை.

இதில்தான் அந்தக் காலத்தில் எல்லாரும் ஏமாந்தார்கள். எல்லாமே பாதியாகும் என்ற ஊகத்தில் "40 எம்பி மிச்சம்" என்று காட்டும். ஸ்கேன் செய்த படம் 25 எம்பி ஏற்றினால் இடமில்லை என்று நின்றுவிடும். அப்பா இதற்காகவே என்னை இரண்டு முறை மலைக்கு வரவழைத்தார். டிஸ்க் பழுது இல்லை, மிச்சக் கணக்கு வெறும் ஊகம் என்று புரிய வைக்க அரை நாள் ஆனது.

*பிரபு அண்ணன், 9:55*
நெட்டில் டபுள்ஸ்பேஸ் என்றும் போட்டிருக்கிறதே, அது வேறா?

*சித்தப்பா, 10:02*
அதற்கு அண்ணன். 1993-இல் டாஸ் 6.0-இல் வந்தது டபுள்ஸ்பேஸ். ஸ்டாக்கர் என்ற மென்பொருளை வைத்திருந்த ஸ்டாக் நிறுவனம் காப்புரிமை வழக்குப் போட்டு, 1994 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 12 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. அதனால் 6.21-இல் அமுக்கும் வசதியே கிடையாது. 6.22-இல் வேறு முறையில் டிரைவ்ஸ்பேஸாகத் திரும்பி வந்தது. உன் ஃபைல் பெயரைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. லினக்ஸ் சிடியில் பூட் செய்து, பழுதான டிஸ்கையும் படித்துப் பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூ வைத்து, டிஸ்க் முழுவதையும் முதல் செக்டாரிலிருந்து (டிஸ்கின் சின்னத் துண்டு) ஒரு இமேஜாக, அதாவது அச்சு அசல் பிரதியாக எடு. ஃபைலை மட்டும் இழுத்துப் போடாதே. இரண்டு பிரதி வை. அப்புறம் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடு, அதற்கு முப்பது வயது, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. இனி எல்லாம் பிரதியில்தான்.

*ஞாயிறு*

*பிரபு அண்ணன், 11:08*
இமேஜ் வந்துவிட்டது. 3 செக்டார் மட்டும் படிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் மாட்டி, நீங்கள் அனுப்பிய 6.22 பூட் ஃபிளாப்பியில் கிளப்பினேன். சி வரவில்லை, வெளிக்கூடுதான் வருகிறது.

*சித்தப்பா, 11:11*
அந்த ஃபிளாப்பியில் டிஆர்விஸ்பேஸ்.பின் இருக்கிறதா பார். பூட் ஆகும்போதே அது நினைவகத்தில் ஏறினால்தான் சி திறக்கும்.

*பிரபு அண்ணன், 11:15*
இல்லை.

*சித்தப்பா, 11:16*
தவறு என்னுடையது, வேறொரு ஃபிளாப்பியின் பிரதியை அனுப்பிவிட்டேன். இதோ சரியானது. சி திறக்கும் முன் அந்த .000 ஃபைல் மேலேயே, பழுது பார்க்கும் ஸ்கேன்டிஸ்க் ஓட்டிவிடு. மலையில் கரண்ட் போகும்போதெல்லாம் இது அடி வாங்கியிருக்கும். எந்தத் துண்டு எங்கே என்ற அட்டவணை பாதி எழுதியபடி நின்றால், ஒரு ௸ வேறு வரியைக் காட்டும்.

*பிரபு அண்ணன், 11:49*
ஓட்டினேன். சில இடங்களைச் சரிசெய்தது. சி திறந்துவிட்டது சித்தப்பா!! 300 எம்பிக்கு மேல் ஃபைல். மொய், மழை, காபி, கூலி என்று தனித்தனி ஃபோல்டர்.

*அத்தை, 11:50*
மொய்யைத் திற சாமி.

*பிரபு அண்ணன், 11:54*
திறந்தேன் அத்தை. எண் மட்டும் புரிகிறது, எழுத்தெல்லாம் கிறுக்கலாக இருக்கிறது.

*சித்தப்பா, 11:58*
கெடவில்லை. எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்திய தமிழ், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. அதே டிஸ்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் என்று இருக்கும், அதில் இருக்கும் டிடிஎஃப் என்ற எழுத்துரு ஃபைல்களை எடுத்து உன் லேப்டாப்பில் நிறுவு. அந்த எழுத்துருவில் மாற்றிப் பார்.

*பிரபு அண்ணன், 12:20*
(படம்)
நாகலூர் மேஸ்திரி 101
௸ தம்பி 51
செம்மடுவு டீக்கடை 21, பித்தளைக் குடம் 1

*அத்தை, 12:22*
அந்தக் குடத்தில்தான் இன்னும் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். மேஸ்திரி பேரனுக்குத் தை மாதம் கல்யாணம். முறை தெரியாமல் எப்படிப் போவது என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

*பிரபு அண்ணன், 12:40*
ஒன்று மட்டும் சரியில்லை. மழைக் கணக்கில் 1998 ஃபைல் அக்டோபர் 9 வரைதான் இருக்கிறது. அதற்கு மேல் குப்பை.

*சித்தப்பா, 12:47*
படிக்காத 3 செக்டார் அங்கேதான் விழுந்திருக்கும். சாதாரண டிஸ்கில் அத்தனை இடம்தான் போகும். அமுக்கிய டிஸ்கில் நடுவே ஒரு கண்ணி அறுந்தால், அந்தத் துண்டின் மீதியை விரிக்க முடியாது. அதை மீட்க வழி இல்லை தம்பி.

*கீர்த்தி, 12:50*
அப்பாரு ஃபிளாப்பியில் பிரதி எடுத்திருப்பாரே?

*பிரபு அண்ணன், 12:52*
ஒரு டப்பா நிறைய இருக்கிறது. எல்லாம் பூசணம், வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

*சித்தப்பா, 12:53*
அப்படியே டிரைவில் போடாதே, படிக்கும் ஹெட் கெட்டு அடுத்த ஃபிளாப்பியையும் கீறிவிடும். புதன்கிழமை வருகிறேன், துடைத்துப் பார்க்கலாம்.

*அத்தை, 1:05*
அப்பா மழையை முதலில் மேஜை நாள்காட்டியில்தான் பென்சிலால் குறிப்பார். 98 நாள்காட்டி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத் தேடுகிறேன்.