அளவு மறக்கல, வரிசைதான் போச்சு

காரைக்குடிப் பக்கமிருந்து:

கல்யாண வீட்டுப் பலகாரம்னா எங்க அப்பத்தா கைதான். போன வருஷம் திண்ணைப் படியில தவறி நெத்தி அடிபட விழுந்தாங்க. தையல் ஆறிருச்சு. பேச்சு தெளிவு. யார் வீட்டு மொய் எவ்வளவுங்கறது வரைக்கும் ஞாபகம். சரியாயிருச்சுன்னு நெனச்சோம்.

ஆடி வெள்ளிக்கு வெள்ளைப் பணியாரம் சுடப் போனாங்க. "ஆழாக்குப் பச்சரிசியத் தலைதட்டி, அதுமேல உளுந்தைக் கோபுரமா வை"ன்னு எனக்கு அளவு சொன்னதே அவங்கதான். அரைமணி கழிச்சுப் பார்த்தா வாணலியில எண்ணெய் புகையுது, அரிசி ஊறவே போடல. சட்னிக்கு மிளகாய்க் காம்பைக் கிள்ளிக் கிள்ளி ஒரு தட்டு நிறைய வச்சிருக்காங்க. "எதை எப்பச் செய்யணும்னு தெரியலடி ஆத்தா"ன்னு அழுதுட்டாங்க.

வயசு, மறதின்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. மூளை நரம்பு டாக்டர் அது இல்லைன்னாரு. நெத்தி எலும்புக்கு நேர் பின்னால இருக்கற மூளையோட முன்மடல்ல அடி. அரிசி ஊறட்டும், அதுக்குள்ள மிளகாய் கிள்ளுவோம், மாவு ஆட்டின பிறகே எண்ணெய் வைப்போம்னு அடுத்ததை மனசுல பிடிச்சு வைக்கறது, கை போற போக்குல போகாம நிறுத்தறது, இதெல்லாம் அந்த இடத்து வேலையாம். தெரிஞ்சதெல்லாம் பத்திரமா இருக்கு, கோத்துக் குடுக்கத்தான் ஆள் இல்ல.

அப்புறம் தேடிப் படிச்சேன். மான்ட்ரியால்ல வைல்டர் பென்ஃபீல்டுங்கற டாக்டர் 1928-ல சொந்த அக்காவுக்கே வலது முன்மடல் கட்டியை அறுத்து எடுத்தாரு. ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு அந்த அக்கா ஒரு விருந்துக்குச் சமைக்க நின்னாங்க. நாள் முழுக்க நேரம் இருந்தும் இறைச்சி அடுப்பேறல, கலங்கி நின்னாங்க. ஒருத்தர் கூடமாட உதவினதும் விருந்து நல்லபடியா நடந்துச்சாம். படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, எங்க வீட்டுல வேற மாதிரி. பைக்ல விழுந்த பிறகு எங்க வீட்டுக்காரவுக மனசுல பட்டதை அப்படியே சொல்லிர்றாக, துக்க வீட்டுலகூட. கண்குழிக்கு மேல இருக்கற முன்மடல் பகுதியில அடியாம். இது பேசலாமா கூடாதான்னு அதுதான் தடுத்து நிறுத்துமாம். திமிருன்னு ஊரே பேசுது. முன்னெல்லாம் அதிர்ந்து பேசாத மனுஷன். உங்க அப்பத்தா இப்ப எப்படி?

காரைக்குடிப் பக்கமிருந்து:

திமிரே இல்ல ஆச்சி, காயம். சொந்தக்காரங்களை உட்கார வச்சு இதைச் சொல்லுங்க. அப்பத்தா பக்கத்துல இப்ப நான் நிக்கறேன். "அடுத்து என்ன அப்பத்தா?"ன்னு மட்டும் கேட்பேன், கை வைக்க மாட்டேன். போன வெள்ளி கரண்டி மாவை அவங்களே ஊத்தி, ஓரம் சிவக்காம எடுத்தாங்க.